முப்பத்தொன்றாம் கேள்வி

செப்டம்பர் 3, 2025, புதன்

பிளாஸ்டர் பிரித்தாகிவிட்டது. ஆறு வாரம் கழித்து என் வலது காலை நானே பார்த்தேன். வெளுத்து, மெலிந்து, யாருடைய காலையோ எனக்குத் தைத்துவிட்டது மாதிரி இருந்தது. டாக்டர் இன்னும் ஒரு மாதம் கைத்தடி வேண்டும் என்றார். சரி, கைத்தடியோடு நடப்பேன். நடந்தால் போதும்.

இந்த ஆறு வாரத்தில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். இவர் ஏர்போர்ட் ஷிஃப்ட் முடித்து வந்து சமைத்தார். உப்பில்லாத ரசம் வைத்துவிட்டு, "பிளட் பிரஷருக்கு நல்லது" என்று சமாளித்தார். வெங்கடேஸ்வரன் என்ற இந்த மனிதர் இவ்வளவு பொறுமைசாலி என்று பதினெட்டு வருஷமாக எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஆனால் முதல் இடம் தரைத்தளத்து சோப்ரா ஜிக்குத்தான். எங்கள் பிளாக்கில் படிக்கட்டை ஒட்டிய வேப்பமரத்தடி மட்டும் யாருக்கும் ஒதுக்காத இடம். ஆறு வருஷமாக அவர் அங்கேதான் கார் நிறுத்துகிறார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கரோடு வந்த அன்று, யாரும் கேட்காமலே காரை எடுத்துக்கொண்டு பின் கேட்டுக்குப் போய்விட்டார். டெல்லி துவாரகாவில் ஒருவர் பார்க்கிங்கை விட்டுக்கொடுப்பது என்ன சாதாரண விஷயமா? இவர் நன்றி சொல்லப் போனபோது, "இந்த இடத்தை எடுத்துக்கொண்ட அன்றே சொன்னேனே, யாருக்காவது தேவைப்படும் வரைக்கும்தான் என்று" என்றாராம்.

அந்தப் பேச்சை நான் சும்மா விடவில்லை, கேள்வியாக்கிவிட்டேன். தொழில் புத்தி. சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்யும் கரோல் பாக் பயிற்சி மையம் ஒன்றுக்குப் பதினான்கு வருஷமாகத் தர்க்கக் கேள்விகள் எழுதித் தருகிறேன், அவ்வப்போது வகுப்பும் எடுக்கிறேன். அதிலும் கொள்கைக் கேள்விகள் என்றால் என்னிடம்தான் வரும். ஒருவர் ஒரு முடிவு சொல்வார், அதற்கு ஒரு காரணமும் சொல்வார். காரணத்திலிருந்து முடிவுக்குப் போக ஒரு பாலம் வேண்டும். நான்கு கொள்கைகளைக் கொடுத்து, இந்த வாதத்தைத் தாங்கும் கொள்கை எது என்று கேட்பேன். மற்ற மூன்றும் பொய்யாக இருக்காது. கேட்கப் புண்ணியமாகக்கூட இருக்கும். இந்த வாதத்துக்கு உதவாது, அவ்வளவுதான்.

கேள்வியில் அவருக்கு மோகன் என்று பெயர் வைத்தேன். இடத்தைத் தர மறுப்பதாகவும் எழுதிவிட்டேன். சோப்ரா ஜி மன்னிக்கட்டும், சண்டை இல்லாமல் கேள்வி ஏது!


செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு கேள்விக்கு நூறு வார்த்தைதான் என்று மையத்தில் கறார். என்னுடையது நூற்றுப் பதினெட்டு. அங்கே இங்கே வெட்டி, எதிர்த்தரப்பின் மறுப்பையும் தூக்கிவிட்டு, தொண்ணூற்றெட்டுக்குக் கொண்டுவந்து அனுப்பினேன். முப்பத்தொன்றாம் கேள்வியாக வைக்கப்போகிறார்களாம். விடை சி.

பதினான்கு வருஷத்தில் நான் கொடுத்த விடை ஒன்றுகூட மாறியதில்லை என்று இவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். "சுத்திப் போடவா?" என்றார்.


செப்டம்பர் 21, ஞாயிறு

மையத்தின் உதவித்தொகைத் தேர்வு இன்று. முதல் பத்து பேருக்கு ஒரு வருஷப் பயிற்சி இலவசம். கைத்தடியோடு மெட்ரோவில் போனேன். ஏறியதும் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். நல்லா இரும்மா.

நானூறு பிள்ளைகள். என் கேள்விகளை அவர்கள் குனிந்து படிப்பதைக் கதவோரம் நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சமைத்தவள் பந்தியைப் பார்ப்பது போலத்தான்.


செப்டம்பர் 26, வெள்ளி

விடைகளும் பத்துப் பேர் பட்டியலும் வெளியாகிவிட்டன. இன்று கைத்தடி இல்லாமல் பால் பூத் வரை நடந்தேன்.


செப்டம்பர் 27, சனி

ஆட்சேபங்கள் ஏழு வந்திருந்தன. ஆறு வழக்கமான புலம்பல். ஏழாவது பவுனு என்ற பெண். தமிழ்ப் பெயர், முகவரி கிழக்கு டெல்லி திரிலோக்புரி. இரண்டே வரி எழுதியிருந்தாள்: "கேள்வி 31-க்கு பி சரியென்று நினைக்கிறேன். சி-க்குப் பத்தியில் ஆதாரம் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. ஆதாரம் இல்லையா? அந்த வாதமே சோப்ரா ஜியின் ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது! "நான்காவது வரியை மறுபடி கவனமாகப் படிக்கவும்" என்று பதில் போட்டேன். கவனமாக என்ற வார்த்தை தேவையே இல்லை. தெரிந்துதான் சேர்த்தேன்.

பதினோராவது இடமாம் அவளுக்கு. ஒரு மார்க்கில் போயிருக்கிறது. பாவம்தான், அதற்காக விடையை மாற்ற முடியுமா?


செப்டம்பர் 29, திங்கள்

மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண் மறுபடி எழுதியிருந்தாள். "மேடம், மன்னிக்கவும். பத்தியை வரிவரியாக எண் போட்டுப் படித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் வரி எதுவென்று தெரியவில்லை. சொன்னால் என் தவறு எனக்குப் புரியும்." கீழே பத்தி இருந்தது. தமிழில் எழுதிப் பார்க்கிறேன், அப்போதுதான் எனக்கு உறைக்கும்.

1. குடியிருப்பின் மரத்தடியில் கார் நிறுத்தும் இடம் எல்லோருக்கும் பொதுவானது.
2. ஆறு வருஷமாக மோகன் அங்கே கார் நிறுத்துகிறார்.
3. இரண்டாம் மாடி லதாவுக்குக் கால் முறிந்திருக்கிறது, கேட்டிலிருந்து நடக்க முடியவில்லை.
4. மோகனால் கேட்டிலிருந்து நடக்க முடியும்.
5. ஆகவே மோகன் அந்த இடத்தை லதாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த வாதத்தைத் தாங்கும் கொள்கை எது?

பி: பொதுவான ஒன்று, அது இல்லாமல் யாருக்கு அதிகக் கஷ்டமோ அவருக்கே முதலில் சேர வேண்டும்.
சி: தேவை வந்தால் தருகிறேன் என்று சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டவர், தேவை வந்ததும் தந்துவிட வேண்டும்.

ஐந்து வரியையும் விரல் வைத்துப் படித்தேன். மோகன் எங்கே சொன்னார்? வார்த்தை கொடுத்தது சோப்ரா ஜி. இந்த மோகன் யாருக்கும் எந்த வார்த்தையும் கொடுக்கவில்லை.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே நான்காவது வரி இருக்கிறது: "யாருக்காவது தேவைப்படும்வரைதான் என்று சொல்லியே மோகன் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்." செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் வெட்டிய வரி அது. எத்தனையோ அலங்காரம் இருக்க, தூணைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். பிடுங்கியது எனக்குத் தெரியவே இல்லை. ஏனென்றால் அந்த வரி காகிதத்தில் இல்லாவிட்டாலும் என் தலைக்குள் இருந்தது. சோப்ரா ஜி கார் சாவியோடு கீழே இறங்கிப் போவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வருஷா வருஷம் வகுப்பில் முதல் பாடமாக நான் சொல்வது என்ன? பத்தியில் இல்லாததைக் கொண்டுவராதே. உனக்குத் தெரிந்தது, நீ பார்த்தது, உன் வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா. ஊருக்குத்தான் உபதேசம்!

விடை பி. அவள் சொன்னது சரி.

அதைவிட, அவள் எழுதிய விதம். "என் தவறு எனக்குப் புரியும்" என்கிறாள். தவறு அவளுடையதாம்.


செப்டம்பர் 30, செவ்வாய்

ஆட்சேபத்துக்கான கெடு முடிந்துவிட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. மையத்தில் மூன்று பேர் சரிபார்க்க வேண்டும். ராஜி மேடம் கேள்வி என்றால் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சும்மா இருந்தால் சும்மாவே போய்விடும். இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் காலையில் அரை மணி நேரம் சும்மா இருப்பதைப் பற்றியும் யோசித்தேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பவுனு உள்ளே வந்தால், பத்தாவது இடத்தில் இருக்கும் கௌஷிக் வெளியே போக வேண்டும். அவனிடம் சொல்லியாயிற்று. அவன் என்ன தப்புச் செய்தான்? மையம் சரியென்று சொன்ன விடையைத்தான் எழுதினான்.

இவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"யானைக்கும் அடி சறுக்கும் ராஜி."

"யானை சறுக்கினா யானைக்குத்தானே அடிபடும்? இங்க அடிபட்டது அந்தப் பொண்ணுக்குங்க."

இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். "அப்ப என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார். பரவாயில்லை விடு என்று இவர் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். சொல்லாததற்கு ஆயுசுக்கும் நன்றி.


அக்டோபர் 2, வியாழன்

நேற்று சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு என் கேள்வித்தாள்களையும் அடுக்கிப் பொட்டு வைப்பது வழக்கம். இந்த வருஷத் தாளை எடுத்தேன், வைக்கக் கை வரவில்லை. திருத்திவிட்டு வைக்கிறேன் தாயே என்று அலமாரியிலேயே விட்டுவிட்டேன். பூஜையன்று படிக்கவும் எழுதவும் கூடாது, அதனால் நேற்று இங்கேயும் எதுவும் இல்லை.

இன்று விஜயதசமி. பிரித்ததும் முதலில் எழுதியது பவுனுக்குத்தான். "நீ சொன்னது சரி. அந்த வரி பத்தியில் இல்லை. உன்மேல் எந்தத் தவறும் இல்லை. மற்றதை மையத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன்."

அனுப்பியபின்தான் சாப்பாடு இறங்கியது.


அக்டோபர் 3, வெள்ளி

கரோல் பாக். மையத்தை நடத்தும் ஆரிப் என்னைவிட எட்டு வயது சின்னவர். அவருக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி, ஆனால் வளர்ந்ததெல்லாம் டெல்லியில். பத்தியையும் பழைய கோப்பையும் அருகருகே வைத்துக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, லிஸ்ட் போட்டாச்சு. கௌஷிக்கோட அப்பா நேத்து மிட்டாய் டப்பாவோட வந்துட்டுப் போனாரு. இப்ப அந்தப் பையன்கிட்ட நான் என்ன சொல்றது?"

கம்ப்யூட்டரில் புது விடையைப் போட்டு ஓட்டினார். முதல் ஒன்பது பேர் அப்படியே இருந்தார்கள். பத்தாவது பவுனு, பதினோராவது கௌஷிக்.

ஆரிப் வாதாடினார். நாம் சொன்னதை நம்பியவன் நம் தப்பால் நஷ்டப்படக்கூடாது, அதனால் கௌஷிக் இருக்க வேண்டும் என்றார். நானும் விடவில்லை. சரியாக எழுதியவள் எழுதாதவளாக ஆகக்கூடாது, பவுனு இருக்க வேண்டும் என்றேன். இரண்டு பேருமே மேஜையைத் தட்டினோம். ஆபீஸ் உதவியாளர் டீயை வைத்துவிட்டு ஓடிப்போனார்.

டீ ஆறிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவர் சொல்வது கௌஷிக் இருக்க வேண்டும் என்பதைத் தாங்குகிறது. பவுனு வெளியே போக வேண்டும் என்பதைத் தாங்கவில்லை. நான் சொல்வதும் அப்படித்தான், பவுனை உள்ளே கொண்டுவருமே தவிர யாரையும் வெளியே தள்ளாது. வெளியே தள்ளுவது பத்து என்ற எண் ஒன்றுதான்.

"ஆரிப், பத்துங்கிறது யார் சொன்னது?"

"உதவித்தொகை குடுக்குற ட்ரஸ்ட்ல சொன்னது அக்கா. பதினோராவது ஆளுக்கு வாத்தியார் செலவு யார் பாக்குறது?"

"அந்த பேட்ச் ஞாயித்துக்கிழமை வகுப்பு இந்த வருஷம் முழுக்க நான் எடுக்கிறேன். எனக்கு எதுவும் வேண்டாம். அதை ட்ரஸ்டுக்குச் சொல்லுங்க."

"நீங்க ஏன்க்கா?"

"தப்பு பண்ணினவங்கதானே சுமக்கணும். அந்தப் பிள்ளைங்க ஏன் சுமக்கணும்?"

ஆரிப், "இது எந்த ஆப்ஷன்க்கா, டி-யா?" என்று சிரித்தார். அங்கேயே ட்ரஸ்டுக்கு ஃபோன் போட்டார். இருபது நிமிஷம் இந்தியில் மன்றாடினார். எனக்காக இன்னொருவர் அவ்வளவு நேரம் "ப்ளீஸ் சார், ப்ளீஸ்" என்று சொல்லிக் கேட்டதில்லை. கடைசியில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு ஒரு நிபந்தனை இருந்தது. திருத்தம் நோட்டீஸ் போர்டிலும் இணையத்திலும் வர வேண்டும், தவறு யாருடையது என்ற பெயரோடு. ஆரிப் தயங்கினார். இந்தத் தெருவில் மட்டும் எத்தனை பயிற்சி மையம், அவ்வளவு பேரும் ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுவார்கள் என்றார். விடட்டும் என்றேன். போகப்போவது என்னுடைய பதினான்கு வருஷப் பெயர்.

ஒரு தாளில் நானே எழுதினேன்: "கேள்வி 31-க்குச் சரியான விடை பி. தவறு கேள்வியை எழுதியவருடையது. ராஜலக்ஷ்மி." ஆரிப் பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கத் தவறியவர், ஆரிப்" என்று எழுதினார்.

"நீங்க எதுக்கு ஆரிப்?"

"கடைசியா பாத்து ஓகே போட்டது நான்தானேக்கா. பாக்கவே இல்ல, அதான் உண்மை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தேன்.


அக்டோபர் 4, சனி

பவுனுக்கு ஃபோன் செய்தேன். டிவி சத்தமும் குக்கர் சத்தமும் பின்னால் கேட்டன. அம்மா இரண்டு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாராம், இவள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

"பவுனு, இருக்கியாம்மா?"

"ஹான் மேடம். இருக்கேன்." மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. "மேடம், நான் சீட்டுக்காக மெயில் போடல. சச்சி, நெசமா. கெடு முடிஞ்சிபோச்சின்னு எனக்குத் தெரியும். எந்த வரின்னு தெரியாம எனக்குத் தூக்கம் வரல, அதான் ரெண்டாவது வாட்டி கேட்டேன்."

"தெரியும்மா."

"அந்த வரி முன்னாடி இருந்துச்சா மேடம்?"

"இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

"அச்சா." அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது என்றே சொல்லலாம். "அப்ப அது இருந்திருந்தா சி தான் மேடம் கரெக்ட். நீங்க ஒண்ணும் தப்பா யோசிக்கல."

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லக் கூப்பிட்டேன். அவள் எனக்குச் சொல்லிவிட்டு, குக்கர் மூன்றாவது விசில் என்று வைத்துவிட்டாள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் என் வாழ்க்கையில் என் தப்பைக் கண்டுபிடித்த கையோடு எனக்கு மரியாதையும் கொடுத்திருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணினால் இவளிடமே முடிந்துவிடும்.


அக்டோபர் 7, செவ்வாய்

நோட்டீஸ் ஃபோட்டோ மூன்று குழுக்களில் வந்துவிட்டது. ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். நான் செத்துப்போகவில்லை.


அக்டோபர் 12, ஞாயிறு

முதல் வகுப்பு. கைத்தடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

மேஜையில் வருகைப் பதிவேடு இருந்தது. தேர்வு வரிசையில் பெயர்கள் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். ஆரிப் எல்லாவற்றையும் அகர வரிசையில் அடித்து வைத்திருந்தார். யார் முதல், யார் கடைசி என்று அதைப் பார்த்து யாருக்கும் தெரியாது.

பவுனு சீக்கிரமே வந்துவிட்டாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். இறுக்கிப் பின்னிய சடை, தோளில் அவளைவிடப் பெரிய பை. வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். கௌஷிக் கடைசியாக வந்தான். உள்ளே வராமல் கதவருகே நின்றான். நோட்டீஸைப் படித்திருக்கிறான், கணக்கும் போட்டிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேம்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. வீரமாகக் கேட்க நினைத்தான், குரல் உடைந்துவிட்டது. "நியாயமா பாத்தா நான் இந்த லிஸ்ட்ல இல்ல, இல்லையா? எக்ஸ்ட்ராவா வந்த ஆளு நான்தானே?"

நான் பதிவேட்டைத் தூக்கி அவனுக்குக் காட்டினேன்.

"இதுல பதினோரு பேர் இருக்கு, உன் பேரும் இருக்கு. தப்பு பண்ணி இந்த ரூமுக்குள்ள வந்த ஆள் ஒரே ஒருத்தர்தான் கௌஷிக். அது நான். எக்ஸ்ட்ரா நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். கௌஷிக்கும் மெல்லச் சிரித்தான், ஆனால் நகரவில்லை. பவுனு சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த பையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "இங்க காலியா இருக்கு" என்றாள்.

அவன் போய் உட்கார்ந்தான். நான் பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகை எடுத்தேன்.